முதலில் இடம், அடுத்து கேபிள், கடைசியில் குமிழ்: வீட்டில் சப்வூஃபர் அமைக்கும் முறை

புதிதாக வாங்கிய சப்வூஃபரை, அதாவது தாழ்ஒலிகளை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கரை, அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அறையில் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே வைக்கிறார்கள். ஒரு கேபிளைச் செருகுகிறார்கள். தரை அதிரும்வரை குமிழைத் திருப்புகிறார்கள். முதல் நாள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். நான்கைந்து நாட்களில், சில பாடல்களில் ஒரே ஒரு சுரம் மட்டும் 'தொம்' என்று வீங்கி ஒலிப்பதும், வேறு சில பாடல்களில் தாழ்ஒலி இருந்த சுவடே தெரியாமல் போவதும் காதில் படத் தொடங்கும். குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சலித்து, சப்வூஃபரே சரியில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அநேகமாகக் குற்றம் சப்வூஃபர் மீது இல்லை, அது நிற்கும் இடத்தின் மீது. என் முதல் சப்வூஃபர் சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு வருடங்கள் நின்றது. அதை ஒன்றரை மீட்டர் நகர்த்திய மாலையில்தான், பாஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடந்து வருவதைக் கேட்டேன். அதற்காக நான் எதையும் புதிதாக வாங்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் இடம், அடுத்து இணைப்பு, கடைசியில் குமிழ்கள். வரிசை மாறினால், தவறான இடத்தின் கோளாறைக் குமிழால் மறைக்கப் போராடுவதிலேயே நேரம் போய்விடும்.

அறை என்ன செய்கிறது

ஒலி, காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. இந்த எண்ணை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 4.3 மீட்டர் நீளம். 40 ஹெர்ட்ஸில் அது 8.6 மீட்டர். 20 ஹெர்ட்ஸில் 17 மீட்டர். டபுள் பாஸ் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸில். இவற்றின் அலைகள் நம் வீட்டு அறைகளைவிட நீளமானவை.

இத்தனை நீள அலை ஒரு சிறிய அறைக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின் மீது ஒன்று படிந்து, சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதற்கு நிலையலை என்று பெயர். எந்த அதிர்வெண்ணில் இது நிகழும் என்பதைக் கணக்கிட 343ஐ அறையின் நீளத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் போதும். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் முதல் நிலையலை 34 ஹெர்ட்ஸ் அளவில் எழும். அகலம் 4 மீட்டர் என்றால் அந்தத் திசையில் 43 ஹெர்ட்ஸ். உயரம் 3 மீட்டர் என்றால் மேலும் கீழுமாக 57 ஹெர்ட்ஸ். இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களிலும் அடுத்தடுத்த நிலையலைகள் வரும். நீளமும் அகலமும் சமமாக உள்ள சதுர அறையில் இரு திசைகளின் நிலையலைகளும் ஒரே அதிர்வெண்ணில் விழுவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் எப்போதும் அதிகம். 5 மீட்டர் அறையின் நட்ட நடுவில் அமர்ந்தால் 34 ஹெர்ட்ஸ் ஒலி கிட்டத்தட்டக் கேட்காது. சுவரை ஒட்டி அமர்ந்தால் அதே ஒலி காதை நிறைக்கும். இதை நீங்களே சோதிக்கலாம். கணக்கில் வந்த அதிர்வெண்ணில் ஒரு சோதனை ஒலியை மிதமான அளவில் ஓட விட்டு, அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். இரண்டு அடி நகர்வதற்குள் ஒலி மறைந்து மீண்டும் பிறப்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள், சப்வூஃபரைக் காலியான இடத்தில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கூடி வீங்கிய ஒலியை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கொண்டு குறைத்துவிடலாம். அழிந்துபோன ஒலியை அதே ஈக்வலைசரால் மீட்க முடியாது. நேர் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் எதிரொலியும் அதே அளவு கூடி, மீண்டும் அதை அழித்துவிடும். ஆம்ப்ளிஃபயர்தான் வீணாகச் சூடேறும். ஆகவே இடம் தேடும்போது பள்ளங்களைத் தவிர்ப்பதற்கே முதலிடம் கொடுங்கள். மேடுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

உங்கள் இருக்கையைப் பாருங்கள்

சப்வூஃபரைத் தொடுவதற்கு முன்பு, நீங்கள் அமரும் இடத்தைக் கவனியுங்கள். அறையின் சரிபாதியில் அமர்ந்தால் முதல் நிலையலையின் பள்ளத்தில் அமர்கிறீர்கள். முதுகு பின்சுவரில் உரசும்படி அமர்ந்தால் எல்லா நிலையலைகளின் மேட்டிலும் அமர்கிறீர்கள். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தள்ளி அமர்வது நல்ல தொடக்கம். 5 மீட்டர் அறையில் இது பின்சுவரிலிருந்து 1.7 முதல் 2 மீட்டர் வரை. எல்லா வீட்டிலும் இது முடியாது, எனக்குத் தெரியும். சோபாவைச் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுக்க முடிந்தாலும் அதைச் செய்யுங்கள். அந்த அரை மீட்டர் சப்வூஃபரின் எந்தக் குமிழையும்விட அதிகம் பேசும்.

தவழ்ந்து தேடும் முறை

இடம் தேடுவதற்கு உலகெங்கும் ஒலி ஆர்வலர்கள் பின்பற்றும் எளிய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை உங்கள் இருக்கையில் வைத்துவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து நல்ல இடத்தைத் தேடுவது. விளையாட்டு போலத் தோன்றினாலும் இதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டாலும், அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அறை செய்யும் மாற்றம் அப்படியே இருக்கும். இருக்கையில் வைத்த சப்வூஃபர் மூலையில் எப்படிக் கேட்கிறதோ, அதே மாதிரிதான் மூலையில் வைத்த சப்வூஃபர் இருக்கையில் கேட்கும்.

நடுத்தர அளவு சப்வூஃபரே 20 கிலோ எடைக்கு வரும், ஆகவே தூக்க இன்னொருவரைத் துணைக்கு அழையுங்கள். நீங்கள் வழக்கமாக அமரும் அதே இடத்தில் அதை வையுங்கள். சோபா தாங்காது என்றால் சோபாவை நகர்த்திவிட்டு, அங்கே ஓர் உறுதியான முக்காலி மீது வைக்கலாம். நீளமான கேபிள் ஒன்றைத் தற்காலிகமாக இணையுங்கள். மற்ற ஸ்பீக்கர்களை அணைத்துவிடுங்கள். சப்வூஃபர் எந்த அதிர்வெண்வரை ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்துங்கள்.

என்ன ஒலியை ஓட விடுவது? பாஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கும் ஒரு பாடல், ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில் வாசிக்கப்பட்ட பதிவாக இருந்தால் மிக நல்லது. அல்லது 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலி. வெடிச் சத்தம் நிறைந்த திரைப்படக் காட்சி இதற்கு உதவாது. வெடி எந்த இடத்திலும் வெடிபோலத்தான் கேட்கும். சோதனை ஒலியை உரக்க வைக்க வேண்டாம். ஒரே சீரான தாழ்ஒலி சப்வூஃபரின் கூம்பை அதன் எல்லைவரை தள்ளிவிடும், உரக்க ஒலிக்கிறது என்று காதுக்குத் தோன்றாமலேயே சேதம் நேர்ந்துவிடலாம்.

இப்போது சப்வூஃபரை நிரந்தரமாக வைக்கச் சாத்தியமுள்ள எல்லா இடங்களுக்கும் போய், காது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும்படி குனிந்து கேளுங்கள். எங்கே அதிகமாக ஒலிக்கிறது என்று தேடாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே பலத்தில் கேட்கின்றன, எங்கே எந்தச் சுரமும் விழுங்கப்படவில்லை, எங்கே அடித்த அடி இழுபடாமல் சட்டென்று நிற்கிறது என்பதைத் தேடுங்கள். அப்படி இரண்டு மூன்று இடங்கள் கிடைத்ததும் தரையில் ஒட்டுநாடாவால் அடையாளம் இடுங்கள். பிறகு சப்வூஃபரை ஒவ்வோர் அடையாளத்திலும் வைத்து, இருக்கையில் அமர்ந்து அதே பாடலைக் கேளுங்கள். சிறந்த இடத்தைத் தேர்ந்த பிறகும் ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்திப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அதை மிச்சப்படுத்த வேண்டாம்.

காதை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்க விரும்புவோருக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் அளவு திருத்தப்பட்ட யூ.எஸ்.பி. மைக் ஒன்று தேவை. கைபேசியின் மைக் பேச்சுக் குரலுக்காக அமைக்கப்பட்டது, பல கைபேசிகளில் மிகத் தாழ்ந்த ஒலிகள் வடிகட்டப்படுகின்றன. ஆகவே கைபேசிச் செயலி காட்டும் வரைபடத்தை வைத்து 30 ஹெர்ட்ஸில் பள்ளம் என்று முடிவுக்கு வராதீர்கள்.

தவழ வழியில்லை என்றால்

வயதோ முட்டி வலியோ தடுக்கலாம், அல்லது வைக்க இரண்டே இடங்கள்தான் இருக்கலாம். அப்போது சில பொது விதிகள் கைகொடுக்கும்.

முன்சுவரை ஒட்டி, இடது அல்லது வலது ஸ்பீக்கரின் அருகில் தொடங்குங்கள். சப்வூஃபரும் ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் இருந்தால் இரண்டின் ஒலியும் பிசிறின்றி ஒன்றுசேர்வது எளிது.

மூலையைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து ஒலியைத் தாங்கித் தள்ளுகின்றன. சுவர் ஒவ்வொன்றும் 6 டெசிபல் வரை கூட்டித் தரக்கூடும். சிறிய சப்வூஃபர்கூடப் பெரியதைப் போல ஒலிக்கும். ஆனால் மூலை என்பது அறையின் எல்லா நிலையலைகளையும் ஒருசேர எழுப்பும் இடம், அதனால் மேடுகள் மிகும். என் கருத்து இது: உங்கள் ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஹோம் தியேட்டர் கருவியில்) அறைத் திருத்த வசதி இருந்தால் மூலையைப் பயமில்லாமல் முயன்று பாருங்கள், மேடுகளை அது வெட்டிவிடும். அந்த வசதி இல்லாத சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால், மூலையிலிருந்து ஒரு மீட்டராவது பக்கச் சுவர் திசையிலோ முன்சுவர் திசையிலோ விலக்கி வையுங்கள்.

அதே நேரம் எல்லாச் சுவர்களிலிருந்தும் விலகி அறைக்குள் ஒரு மீட்டர் முன்னே வைப்பது நல்லதல்ல. சப்வூஃபருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருக்கும் அதிர்வெண்ணில், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை அழிக்கிறது. 1 மீட்டர் தூரம் என்றால் 86 ஹெர்ட்ஸ், ஒன்றரை மீட்டர் என்றால் 57 ஹெர்ட்ஸ். இரண்டுமே சப்வூஃபர் வேலை செய்யும் எல்லையை ஒட்டியோ உள்ளேயோ விழுகின்றன. 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் இந்த அழிவு 280 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், அங்கே சப்வூஃபருக்கு வேலையே இல்லை.

பின்பக்கம் காற்றுத் துளை உள்ள சப்வூஃபர் என்றால் சுவரிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டராவது விட்டு வையுங்கள். கூம்பு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். இத்தனை நீள அலைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதால் அது பெரிய பொருட்டல்ல. கதவு வைத்த அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள். இசைத்தட்டுக் கருவி இருக்கும் அதே மேசையிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். சப்வூஃபரின் அதிர்வு முள்ளுக்குப் போய், முள்ளிலிருந்து மீண்டும் சப்வூஃபருக்கே வந்து, ஒரு முடிவில்லாத உறுமலாக வளர்ந்துவிடும்.

இணைப்பு

இடம் முடிவான பிறகே கேபிள் வாங்குங்கள், அப்போதுதான் நீளம் சரியாகத் தெரியும். எதை இணைக்கும்போதும் எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். மின் பிளக் இருந்தால் அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான சப்வூஃபர்கள் இந்த வகை. பிளக் இல்லாமல் ஸ்பீக்கர் கம்பி செருகும் முனைகள் மட்டும் இருந்தால் அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ரிசீவரின் சப்வூஃபர் அவுட்புட்டில் வெறும் சிக்னல் மட்டுமே வரும், கூம்பை அசைக்கும் சக்தி அதில் இல்லை.

ஹோம் தியேட்டர் ரிசீவர் வைத்திருப்போருக்கு வேலை மிக எளிது. ரிசீவரின் பின்புறம் 'சப்வூஃபர்' என்று குறித்த ஆர்.சி.ஏ. துளையிலிருந்து சப்வூஃபரின் 'எல்.எஃப்.இ.' துளைக்கு ஒரே ஒரு கேபிள். எல்.எஃப்.இ. என்ற துளை சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் வழி. அப்படி ஒன்று இல்லாமல் இடது, வலது என இரண்டு துளைகள் மட்டும் இருந்தால், கையேடு எதைச் சொல்கிறதோ அதில் செருகிவிட்டு, சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பி வையுங்கள். எங்கே பிரிப்பது என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் நடுவில் ஒரு பகுதி ஒலி இரண்டு முறை வெட்டுப்பட்டு மெலிந்துபோகும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் அவசியமா என்ற கேள்வி அடிக்கடி வரும். அது சிக்னலைக் கொஞ்சம் கூட்டும், தரத்தைக் கூட்டாது.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் 'சப் அவுட்' அல்லது 'பிரீ அவுட்' துளைகள் இருந்தால் அங்கிருந்து சப்வூஃபரின் இடது, வலது துளைகளுக்கு இணையுங்கள். 'ரெக் அவுட்' என்ற துளையை அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒலிப்பதிவுக் கருவிக்கானது, வால்யூம் குமிழைத் திருப்பினாலும் அதன் அளவு மாறாது. ஸ்பீக்கர்கள் மெதுவாகப் பாட, சப்வூஃபர் மட்டும் முழு பலத்தில் அதிரும்.

இப்படி எந்தத் துளையும் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயர் என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. பல சப்வூஃபர்களில் ஸ்பீக்கர் கம்பிகளை நேரடியாக ஏற்கும் முனைகள் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் ஏற்கெனவே உள்ள கம்பிகளோடு இன்னொரு ஜோடிக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, சப்வூஃபருக்குக் கொண்டுபோக வேண்டும். சப்வூஃபரின் அந்த முனைகளுக்கு மின்தடை மிக அதிகம் என்பதால் ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் சுமை இல்லை. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. தனித்த ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொட்டுவிடாமல் பாருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் என்று பரவலாக அழைக்கப்படும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனை தரைமுனை அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அதைச் சப்வூஃபரின் தரைமுனையோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும். இரண்டு கையேடுகளையும் படித்த பிறகே இந்த இணைப்பைச் செய்யுங்கள்.

கம்பியில்லா இணைப்புக் கருவிகளும் உண்டு. சிக்னல் கேபிள்தான் மிச்சமாகும், மின்சாரக் கம்பி எப்படியும் வேண்டும். சவுண்ட்பாருடன் வரும் கம்பியில்லாச் சப்வூஃபர் பெரும்பாலும் தன் ஜோடியுடன் மட்டுமே பேசும், வேறு கருவியுடன் இணைக்க முடியாது.

இணைத்து முடித்து மின்சாரம் கொடுத்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், சிக்னல் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தரை இணைப்புச் சுழல்: இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் பூமியோடு இணைந்திருப்பதால் கேபிளின் வழியே மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கசிகிறது. ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே சாக்கெட் பலகையில் செருகினால் பல வீடுகளில் இது தீர்ந்துவிடும். சிக்னல் கேபிளை மின்சாரக் கம்பியோடு இணையாக ஓட விடாமல் பிரித்து வையுங்கள். தீராவிட்டால் தரைச் சுழலைத் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வகைக் கருவியைச் சிக்னல் கேபிளின் நடுவே போடலாம். பிளக்கின் மூன்றாவது முனையை மட்டும் ஒருபோதும் உடைக்கவோ கழற்றவோ செய்யாதீர்கள். அது உங்கள் உயிரைக் காப்பதற்காக இருக்கும் முனை.

ரிசீவரின் மெனுவில்

ஸ்பீக்கர் அமைப்புப் பக்கத்தில் எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று வையுங்கள். இடுப்புயர ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது மனவருத்தம் தரும். இந்தச் சொல் ஸ்பீக்கரின் உருவத்தைப் பற்றியதல்ல. 'தாழ்ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பு' என்பதுதான் அதன் பொருள். 'லார்ஜ்' என்று வைத்தால் அந்தச் ஸ்பீக்கருக்கு உரிய தாழ்ஒலி சப்வூஃபருக்குப் போகாது, இசை கேட்கும்போது சப்வூஃபர் சும்மா நிற்கும்.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கி 1983இல் அறிமுகமான டி.எச்.எக்ஸ். தரநிலை, வீட்டு ஒலியமைப்புகளுக்கு வந்தபோது பரிந்துரைத்த எண் இது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். உள்ளங்கை அளவு சிறு ஸ்பீக்கர்கள் என்றால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது சப்வூஃபர் முன்புறம், ஸ்பீக்கர்களின் அருகிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி அறையின் வேறொரு மூலையிலிருந்து வருவதுபோல் தோன்றும்.

ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்பை 5.1 என்பார்கள்; அதில் வரும் அந்தப் புள்ளி ஒன்று, திரைப்படங்களில் தாழ்ந்த அதிர்வுகளுக்கென்று தனியே பதிவு செய்யப்பட்ட எல்.எஃப்.இ. தடம். அது 120 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், இயக்கும்போது மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்கப்படும். மெனுவில் 'எல்.எஃப்.இ. எல்லை' என்று ஒன்று இருந்தால் அதை 120இல் விடுங்கள். அது வேறு, ஸ்பீக்கர்களின் கிராஸ்ஓவர் வேறு.

ரிசீவர் இல்லாமல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தவர்கள் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை நம்ப வேண்டும். உங்கள் ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று அதன் கையேடு சொன்னால், குமிழை 50 முதல் 60க்குள் வைத்துத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் விடும் இடத்தில் சப்வூஃபர் பிடிக்க வேண்டும், இருவரும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது.

ஒலி அளவும் ஃபேஸும்

சப்வூஃபரின் கெயின் குமிழை, அதாவது அதன் ஒலி அளவுக் குமிழை, பாதியில் வைத்துவிட்டு ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல், காது உயரத்தில், ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள், அவற்றின் இரைச்சல் தாழ்ஒலிப் பகுதியில்தான் விழுகிறது. முடிந்ததும் சப்வூஃபருக்கு ரிசீவர் என்ன அளவு தந்திருக்கிறது என்று பாருங்கள். பல ரிசீவர்களில் இதன் எல்லை மைனஸ் 12 முதல் பிளஸ் 12 டெசிபல் வரை. மைனஸ் 12 என்று எல்லையில் போய் நின்றால் அதற்கும் கீழே போக அதற்கு இடமில்லை என்று பொருள். கெயின் குமிழைக் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வந்தால் நன்று.

தூரம் என்ற பகுதியில், மூன்று மீட்டரில் இருக்கும் சப்வூஃபருக்கு ஐந்து மீட்டர் என்று காட்டுவதைப் பார்த்துத் திருத்திவிடாதீர்கள். சப்வூஃபரின் மின்சுற்றில் சிக்னல் சற்றுத் தாமதமாகிறது, அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் தூரமாகச் சொல்கிறது. அந்த எண் சரியானதுதான்.

அடுத்து ஃபேஸ். சப்வூஃபரின் கூம்பு முன்னே வரும் நேரத்தில் ஸ்பீக்கரின் கூம்பு பின்னே போனால், இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று அழித்துவிடும். கிராஸ்ஓவர் 80 என்றால் 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து பாடும்படி ஓட விடுங்கள். நீங்கள் இருக்கையில் அமருங்கள். இன்னொருவர் சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை 0 என்றும் 180 என்றும் மாற்றட்டும். எதில் ஒலி அதிகமோ அதுதான் சரி. மற்ற இடங்களில் 'அதிகம் நல்லதல்ல' என்று சொன்ன நான் இங்கே மட்டும் அதிகத்தையே தேடச் சொல்கிறேன், ஏனெனில் இங்கே அதிகம் என்றால் இருவரும் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று பொருள். சுவிட்சுக்குப் பதிலாகச் சுழலும் குமிழ் இருந்தால், மெதுவாகத் திருப்பி உச்சம் எங்கே என்று பாருங்கள். இரண்டு நிலையிலும் வேறுபாடே தெரியாவிட்டால் 0இல் விட்டுவிடலாம்.

காதால் மட்டும் அளவு வைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: கெயினை முழுவதும் குறைத்துவிட்டு, நன்கு பழகிய பாடலை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஓட விட்டு, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். 'சப்வூஃபர் ஒலிக்கிறது' என்று தனியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு துளி பின்வாங்குங்கள். பிறகு சப்வூஃபரை அணைத்துப் பாருங்கள். அறையே சுருங்கியதுபோல் தோன்றினால் அளவு சரியாக இருக்கிறது. வழக்கமான அளவில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலி குறையும்போது நம் காது தாழ்ஒலியை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக்கினார்கள். உரக்க வைத்து அமைத்த சப்வூஃபர், இரவில் மெதுவாகக் கேட்கும்போது மெலிந்து ஒலிப்பது அதனால்தான்.

இரண்டாவது சப்வூஃபர்

ஒருவர் மட்டும் கேட்கும் அறைக்கு ஒன்று போதும். நாலைந்து பேர் வரிசையாக அமரும் அறையில், ஓர் இருக்கையில் மேடும் அடுத்த இருக்கையில் பள்ளமும் வருவதை ஒற்றைச் சப்வூஃபரால் தவிர்க்க முடியாது. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்த இரண்டு சப்வூஃபர்கள் இருக்கைகளுக்கு இடையிலான வேறுபாட்டை நன்றாகக் குறைப்பதைக் காட்டினார். ஒரு பெரிய சப்வூஃபரா, இரண்டு நடுத்தரமானவையா என்று தயங்குபவர்களுக்கு, பலர் கேட்கும் அறை என்றால் இரண்டு என்றுதான் நான் சொல்வேன். இரண்டும் ஒரே மாதிரியாக இருக்கட்டும். ஒன்றை நன்றாக அமைத்துப் பழகிய பிறகு இரண்டாவதை வாங்குங்கள்.

மிஞ்சியிருக்கும் சிறு தொல்லைகள்

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, சப்வூஃபரிலிருந்து கரகரப்பு வருவதாகத் தோன்றினால் உடனே அதைச் சந்தேகிக்காதீர்கள். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை மீண்டும் ஓட விட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஜன்னல் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள், அலமாரியில் அடுக்கிய பாத்திரம், சுவரில் மாட்டிய படம் என்று ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் பேசும். பேசுவதைக் கையால் தொட்டால் நின்றுவிடும். அங்கே சிறு துண்டு ஃபெல்ட் துணியோ ரப்பரோ ஒட்டுங்கள்.

கீழ்வீட்டில் ஆள் இருந்தால் சப்வூஃபருக்கு அடியில் அடர்த்தியான நுரைத் தளம் ஒன்றை வைக்கலாம். தரை வழியாக இறங்கும் அதிர்வை அது குறைக்கும். காற்று வழியாகப் போகும் ஒலியை அது தடுக்காது, சுவரும் அவ்வளவாகத் தடுக்காது. இரவு நேரத்துக்கென்று ரிசீவரில் சப்வூஃபர் அளவைத் தனியே குறைக்கும் வசதி இருந்தால் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மெதுவாகக் கேட்கும்போது சப்வூஃபர் இடையிடையே உறங்கிவிடுவது இன்னொரு பொதுவான புகார். பின்புறம் 'ஆட்டோ' என்று இருக்கும் சுவிட்ச், சிக்னல் வலுவாக வந்தால்தான் அதை எழுப்பும். கெயினை ஒரு துளி குறைத்து, ரிசீவரில் சப்வூஃபர் அளவை அதே அளவு கூட்டினால் கேபிளில் வரும் சிக்னல் வலுப்படும், கேட்கும் ஒலி மாறாது. முன்னே சொன்ன ஒய் வடிவக் கேபிள் உண்மையில் பயன்படும் இடமும் இதுதான். இரண்டும் உதவாவிட்டால் சுவிட்சை 'ஆன்' நிலையில் வைத்துவிட்டு, கேட்டு முடித்ததும் பிளக் பக்கத்தில் அணைத்துவிடுங்கள்.